வீட்டுக்குப் பின்னாடி உப்புத்தண்ணி குளம்: எந்தத் தொட்டி, எந்த மீன்?

தூத்துக்குடி பக்கம் வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் வச்சிருக்கிறவங்க நிறைய பேருக்கு இந்த ஆசை ஒரு தடவையாவது வந்திருக்கும். கடல் பக்கத்துலயே கிடக்கு, கேன்ல பிடிச்சா தண்ணிக்குக் காசு கிடையாது, அப்புறம் ஏன் ஊரே வைக்கிற கோயும் கோல்ட்ஃபிஷ்ஷும் நாமளும் வைக்கணும், ஒரு தொட்டி கட்டி கடல் மீனையே விட்டா என்னன்னு. என் பெரியம்மா மகன் ஊருக்கு வெளிய வீடு கட்டிப் போனதுல இருந்து இதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கான். "அண்ணே, பத்துக்கு ஆறுல தொட்டி கட்டி நீமோ விடவா, இல்ல மடவை விடவா, இல்ல இந்த வம்பே வேண்டாம்னு ஹால்ல கண்ணாடித் தொட்டி வச்சிரவா?" அவன் கேட்ட மூணுமே நடக்கக்கூடியதுதான், ஆனா மூணுக்கும் செலவும் வேலையும் வேற வேற, அதனால அவனுக்கு சொன்னதை கொஞ்சம் விரிவாவே இங்க எழுதுறேன்.

முடிவை முதல்லயே சொல்லிர்றேன். வெளியில தொட்டி வைக்கிறதா இருந்தா ஆத்து முகத்துவாரத்துல, கழிமுகத்துல திரியிற மீனை விடுங்க, கடல் தண்ணில பாதி உப்பு போதும், மேல ஒரு கூரை போடுங்க. நீமோ மாதிரி பவளப்பாறை மீன்தான் வேணும்னா அதை வீட்டுக்குள்ள வைங்க. ஏன் இவ்ளோ அடிச்சு சொல்றேன்னா, வெளித்தொட்டில மீனோட ஆயுசைத் தீர்மானிக்கிறது நீங்க வாங்குற ஃபில்டரோ தீனியோ கிடையாது, வானம்தான், ஒண்ணு வெயிலு இல்லன்னா மழை.

கணக்கு போட்டுப் பாருங்க. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூணடி ஆழம்னா சுமார் 5,100 லிட்டர் பிடிக்கும். நம்ம ஊருல உப்பளம் ஓடுறதே வெயிலும் காத்தும் தண்ணியை உறிஞ்சுறதாலதான், கோடையில ஒரு நாளைக்கு 7 மில்லிமீட்டர் ஆவியாகுதுன்னு வச்சுக்கிட்டாலும் அந்தத் தொட்டில தினமும் 40 லிட்டர் போகும். போறது வெறும் தண்ணி மட்டும், உப்பு அப்படியே தொட்டிலயே நிக்கும். கடல் தண்ணி 35 பிபிடி, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்பு, நீங்க ஒரு மாசம் கண்டுக்காம விட்டா அது 45 தாண்டிரும். இதுல பலரும் செய்றது என்னன்னா தண்ணி குறையுதேன்னு திரும்பவும் கடல் தண்ணியையே கொண்டுவந்து ஊத்துறது, அப்போ உப்பு மேல உப்பு ஏறிக்கிட்டே போகும். குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், அதுவும் நம்ம ஊரு போர் தண்ணி பாதி இடத்துல அதுவே உப்பு, அதனால கார்ப்பரேஷன் தண்ணியை ஒரு நாள் வாளில திறந்து வச்சு குளோரின் போனப்புறம் ஊத்தணும், இல்ல மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக்கணும்.

அடுத்தது மழை. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பெஞ்சது யாருக்கும் மறந்திருக்காது. உங்க தொட்டியோட ஆழமே 91 சென்டிமீட்டர்தான். அந்த அளவு எப்பவோ ஒரு தடவைன்னு ஒதுக்கிட்டாலும் ஒரு புயல் சின்னத்துக்கு 20 சென்டிமீட்டர் பெய்றது சாதாரணம், அது முழுசா தொட்டில கலந்தா 35 பிபிடி ஒரே ராத்திரில 29க்கு கீழ இறங்கிரும். கலக்காம போனா அது வேற தொல்லை, ஏன்னா நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், அதனால மழைத்தண்ணி மேல ஒரு அடுக்கா நிக்கும், கீழ இருக்கிற உப்புத்தண்ணிக்கு காத்து போகாது, மீன் கீழ மூச்சு முட்டும், மேல வந்தா உப்பு இல்லாம தவிக்கும். மழை நின்ன மறுநாள் காலையில போய்ப் பாத்தா மேல தண்ணி பளிங்கு மாதிரி இருக்கும், கையை முழங்கை வரைக்கும் விட்டா கீழ வெதுவெதுன்னு இருக்கும், அதுதான் அடையாளம். காத்துக் குமிழி விடுற ஏர் கல்லை அடியில போட்டு வேகமா ஓட விட்டா ரெண்டும் கலந்துரும், ஆனா மழை ராத்திரில கரண்ட் இருக்கணுமே.

இப்போ இதே கணக்கை பாதி உப்புல போடுங்க. 15 பிபிடில ஆரம்பிச்சா ஒரு மாச ஆவியில அது 19 அல்லது 20 ஆகும், 20 சென்டிமீட்டர் மழைக்கு 12 ஆகும், அந்த 95 சென்டிமீட்டர் மழை ஒரு சொட்டு வழியாம உள்ளயே நின்னாக்கூட 7க்கு கீழ போகாது. கழிமுகத்து மீனுக்கு இது எல்லாமே அன்றாடம் பாக்குற சமாச்சாரம். தாமிரபரணி கடல்ல கலக்குற புன்னக்காயல் பக்கம் யோசிச்சுப் பாருங்க, ஏத்தத்துல கடல் தண்ணி உள்ள வரும், வத்தத்துல ஆத்துத் தண்ணி வெளிய போகும், ஐப்பசி கார்த்திகையில வெள்ளம் வந்தா உப்பே இருக்காது, சித்திரையில ஆறு வத்துனா உப்பு கரிக்கும். அங்கேயே வளர்ற மீனுக்கு உங்க தொட்டி பெரிய அதிர்ச்சி கொடுக்காது. பவளப்பாறை மீன் அப்படி இல்ல, அது பொறந்ததுல இருந்து ஒரே உப்பு, ஏறக்குறைய ஒரே சூடுன்னு வாழ்ந்த ஜீவன்.

சூடுன்னதும் ஞாபகம் வருது, மூடாத தொட்டில மூணடி தண்ணி மே மாசம் சாயங்காலம் 33, 34 டிகிரி வரைக்கும் சுலபமா போகும். பவளப்பாறை மீனுக்கு 25ல இருந்து 28 வரைக்கும் சௌகரியம், 30க்கு மேல போனா கஷ்டப்படும். காரணம் சூடு மட்டும் இல்ல, தண்ணி சூடாக ஆக அதுல கரையிற ஆக்சிஜன் குறையும், உப்பு கூடினாலும் குறையும். 30 டிகிரில நல்ல தண்ணி லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கும்னா கடல் தண்ணி 6 சொச்சம்தான். அதுல வெயில் பட்டு பாசி வளந்து தண்ணி பச்சையா ஆயிருச்சுன்னா பகல்ல பாசி ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி அதுவே திரும்ப இழுத்துக்கும், அதனால மீன் சாகுறது பெரும்பாலும் விடிகாலை நாலு, அஞ்சு மணிக்குத்தான். அந்த நேரத்துல எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாக்கணும், மீன் எல்லாம் தண்ணி மட்டத்துல வாயை வச்சு திறந்து திறந்து மூடிக்கிட்டு நின்னா ராத்திரிக்கு காத்து பத்தலன்னு அர்த்தம். பகல்ல பாத்தா எல்லாம் நல்லா நீந்தும், ஒண்ணுமே தெரியாது.

சரி, இவ்ளோத்தையும் சமாளிச்சு வெளியில முழு கடல் தண்ணி வச்சு கலர் மீனே விடுறேன்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம், இதை யாரும் முன்கூட்டி யோசிக்கிறதில்ல. குளத்து மீனை நாம மேல இருந்துதான் பாக்குறோம். கோய் மீனை ஜப்பான்காரங்க தலைமுறை தலைமுறையா மேல இருந்து பாக்குறதுக்குன்னே முதுகுல கலர் வர்ற மாதிரி தேர்ந்தெடுத்து வளத்தாங்க. வண்ணத்துப்பூச்சி மீன், ஏஞ்சல் எல்லாம் பக்கவாட்டுல தட்டை, அழகெல்லாம் அந்தப் பக்கத்துலதான், மேல இருந்து பாத்தா கத்தி முனை மாதிரி ஒரு கோடுதான் தெரியும். நீமோ இன்னும் மோசம், ஒரு ஜோடிக்கு ஒரு சின்ன மூலை போதும், அந்த மூலையை விட்டு நகராது, 5,000 லிட்டர் தொட்டில அது எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க. அதே ஜோடியை 150 லிட்டர் கண்ணாடித் தொட்டில வச்சா நாள் பூரா முன்னாடி நின்னு பாக்கலாம். வெளித்தொட்டில முழு உப்புல தாக்குப்பிடிக்கிற கலர் மீன்னு கேட்டா டேம்சல் வகைகளைச் சொல்லுவேன், அதுலயும் உடம்புல பட்டை போட்ட சார்ஜன்ட் மேஜர் கெட்டி, ஆனா சண்டைக்காரன், அது இருக்கிற தொட்டில சாதுவான மீனை விடாதீங்க.

இன்னொரு பக்கம் பாத்தா, கடல் மீனைக் குளத்துல வளக்குறது ஒண்ணும் புதுசு இல்ல. ஹவாய்த் தீவுகள்ல ஐரோப்பியர் போறதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே கடலோரத்துல கல்சுவர் கட்டி, மரச்சட்டத்துல மதகு வச்சு, குஞ்சு உள்ள வரலாம் பெரிய மீன் வெளிய போக முடியாதுங்கிற மாதிரி குளம் வச்சிருந்தாங்க. ஜாவாவுல தம்பாக்னு சொல்ற கடலோரக் குளங்கள் இன்னைக்கும் ஓடுது. ரோம் ராஜ்யத்துப் பணக்காரங்க கடலோர மாளிகையில பாறையைக் குடைஞ்சு தொட்டி வச்சிருந்தாங்க. இவங்க எல்லாம் என்ன மீன் வச்சாங்கன்னு பாத்தா ஹவாயில மடவையும் பால்மீனும், ஜாவாவுல பால்மீன், ரோம்ல மடவை, கொடுவா மாதிரி ஒரு வகை, விலாங்கு மாதிரி மோரே. உப்பு ஏறி இறங்குனா தாங்குற மீனாப் பாத்துத்தான் பெரும்பாலும் வச்சிருக்காங்க. அதோட இந்தக் குளம் எல்லாத்துக்கும் கடலோட நேரா தொடுப்பு இருந்துச்சு, ஏத்தம் வந்தா தண்ணி தானா மாறும். உங்க பின்கட்டுக்கு ஏத்தம் வராது, அந்த வேலையை நீங்கதான் கேன் தூக்கி செய்யணும், அதனால அவங்களை விட இன்னும் கெட்டியான மீனா தேர்ந்தெடுக்கணும்.

அப்போ எந்த மீன்? என் மனசுக்கு முதல் இடம் பேர்ல்ஸ்பாட்டுக்கு, கேரளாக்காரங்க கரிமீன்னு கொண்டாடுறது, அவங்க மாநில மீனே அதுதான். நல்ல தண்ணில இருந்து கடல் தண்ணி வரைக்கும் தாங்கும், ஒரு அடிக்கு மேல பொதுவா வளராது, சுவத்துல படியிற பாசியை மேயும், முக்கியமா குளத்துலயே குஞ்சு பொரிக்கும். முட்டையை ஓட்டுலயோ கல்லுலயோ ஒட்டி வச்சுட்டு அப்பாவும் அம்மாவும் மாறி மாறி காவல் நிக்கும், குஞ்சு பொரிஞ்சப்புறம் ஒரு சின்னப் புகைக்கூட்டம் நகர்ற மாதிரி குஞ்சுங்க போகும், ரெண்டு பக்கமும் பெருசுங்க ரெண்டும் கூடவே போகும், வேற மீன் கிட்ட வந்தா விரட்டி விட்டுட்டு திரும்ப வந்து அதே இடத்துல நிக்கும். இதை மேல இருந்தே தெளிவா பாக்கலாம், நீமோ வச்சிருந்தா இது வெளித்தொட்டில கிடைக்குமா சொல்லுங்க. சென்னையில இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், சீபான்னு சொல்லுவாங்க, முட்டுக்காட்டுல அவங்களுக்கு பண்ணை இருக்கு, பேர்ல்ஸ்பாட் குஞ்சு உற்பத்தி முறையை அவங்க நல்லா பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்காங்க, அங்க கேட்டா குஞ்சு எங்க கிடைக்கும்னு வழி சொல்லுவாங்க.

ரெண்டாவது மோனோ. வெள்ளிக்காசு மாதிரி வட்டமா, கூட்டமா சுத்துற மீன், தட்டை உடம்புதான், ஆனா கூட்டமா ஒரே நேரத்துல திரும்பும்போது வெயில் பட்டு பளீர்னு அடிக்கும், அது மேல இருந்தும் தெரியும். ஒண்ணு ரெண்டு விடாதீங்க, அஞ்சாறு விடுங்க, தனியா இருந்தா பயந்து ஒதுங்கும். கூட ஸ்காட், புள்ளி போட்டு இருக்கும், எதைப் போட்டாலும் திங்கும், ஆனா முதுகு முள்ளுல விஷம் உண்டு, குத்துனா நல்லா கடுக்கும், வலை போட்டுத்தான் பிடிக்கணும். ஓரா மீனுக்கும் இதே எச்சரிக்கைதான், அது கொஞ்சம் அதிக உப்பு கேக்கும், அதனால பாதி உப்புத் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மடவை பலருக்கும் ஆசை, கிடைக்கிறதும் சுலபம், அடியில படிஞ்ச அழுக்கையும் பாசியையும் வழிச்சுத் தின்னு தொட்டியைச் சுத்தமா வச்சிருக்கும். குதிக்கும்ங்கிறதை மட்டும் மறக்காதீங்க, தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு அடி சுவர் விட்டு வலையும் போடணும், இல்லன்னா காலையில தரையில கிடக்கும். பால்மீன் தாங்குறதுல எல்லாத்துக்கும் அப்பன், கடலை விட ரெண்டு மடங்கு உப்புலயும் உயிர் வாழும், ஆனா கடல்ல அது ஒரு மீட்டருக்கு மேல வளர்ற ஜாதி, 5,000 லிட்டர் தொட்டிக்கு அது வேண்டாம், பாவம். கீச்சானையும் விடாதீங்க, பாக்க கோடு போட்டு அழகா இருக்கும், ஆனா கூட இருக்கிற மீனோட செதிலைப் பிடுங்கித் தின்னும், ஒரு வாரத்துல எல்லா மீன் மேலயும் வெள்ளை வெள்ளையா புண்ணு நிக்கும்.

கொடுவா விட்டு வளத்து சாப்பிடலாமான்னு கேட்டா, அது அலங்காரத் தொட்டி கிடையாது, வேற கணக்கு. கொடுவா தன் வாய்க்கு அடங்குற எதையும் விழுங்கும், கூடப் பொறந்ததையும் சேத்து, அதனால குஞ்சா இருக்கும்போது அளவு பாத்து பிரிச்சுக்கிட்டே இருக்கணும், தீனி நிறைய, கழிவு நிறைய, அழகு மீனோட ஒண்ணா வைக்கவே முடியாது. சாப்பாட்டுக்குன்னா தனித் தொட்டி, தனி ஃபில்டர்.

இனி தொட்டி எதுல கட்டுறதுங்கிற கேள்வி, இதுல காசும் போகும் உறவும் போகும், ஏன்னா உப்புத்தண்ணி கசிஞ்சா பக்கத்து வீட்டுக் கிணறும் போர் தண்ணியும் கெடும், உங்க வாழையும் கருவேப்பிலையும் முதல்ல கருகும். கொத்தனார் சொல்றது எப்பவும் சிமெண்ட் தொட்டிதான், நல்லாவும் இருக்கும், ஆனா உப்பு மெதுவா சிமெண்ட்டுக்குள்ள இறங்கி கம்பியைப் பிடிச்சிரும், கம்பி துருப்பிடிச்சா உப்பி சிமெண்ட்டைப் பொளக்கும், வெளிய தெரியும்போது உள்ள கசிஞ்சு ரொம்ப நாள் ஆகியிருக்கும். புது சிமெண்ட்ல சுண்ணாம்பு கக்கி பிஹெச்சும் (தண்ணியோட கார அளவு) ஏறும். சிமெண்ட்தான் கட்டுவேன்னா உள்ள எஃப்ஆர்பி, அதாவது கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் பூச்சு போட்டுத்தான் ஆகணும். பண்ணைக்குட்டைக்குப் போடுற சில்பாலின் தார்ப்பாய் எல்லாத்துலயும் மலிவு, குழி வெட்டி மணல் பரப்பி விரிச்சா அன்னைக்கே தண்ணி விடலாம், ஆனா எலி கடிக்கும், மரவேர் குத்தும், வெயில் பட்ட ஓரம் சில வருஷத்துல நைஞ்சு போகும். பழகிப் பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது போதும், ரெண்டு அடுக்கா விரிங்க.

எனக்குப் பிடிச்சது ரெடிமேட் எஃப்ஆர்பி தொட்டி, இறால் குஞ்சு பொரிப்பகத்துல வச்சிருப்பாங்களே அதே. தரைக்கு மேல வைக்கிறதால கசிஞ்சா அன்னைக்கே கண்ணுக்குத் தெரியும், உப்பு அதை ஒண்ணும் செய்யாது, வீடு மாத்துனா தூக்கிட்டே போகலாம், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இடுப்பளவு சுவர் இருக்கிறது பாதுகாப்பும்கூட. விலை தார்ப்பாயை விட பல மடங்கு, உண்மைதான், ஆனா குஞ்சு பொரிப்பகங்கள் கைமாத்துறப்போ பழசு கிடைக்கும், உள் பூச்சு உரியாம இருக்கான்னு தடவிப் பாத்து வாங்குங்க.

எந்தத் தொட்டின்னாலும் மேல கூரை. நாலு கம்பத்துக்கு மேல ஒளி ஊடுருவுற ஷீட்டு பாதி, 75 சதவீத பச்சை ஷேட் நெட் பாதி போட்டா மழையில பாதி உள்ள விழாது, சூடு கணிசமா குறையும், பாசி அடங்கும், மீன்கொத்தியும் கொக்கும் பூனையும் வராது. ஷீட்டுல விழுற மழைத்தண்ணியை பைப் வச்சு ஒரு டிரம்ல பிடிச்சீங்கன்னா ஆவியாகுற அளவுக்கு ஊத்துறதுக்கு அதுவே ஆச்சு. கம்பம் இரும்புன்னா உப்புக்காத்துல சீக்கிரம் அரிக்கும், ஜிஐ பைப்புக்கு பெயிண்ட் அடிச்சுப் போடுங்க, இல்ல சவுக்குக் கம்பு போதும். இந்தக் கூரை ஒண்ணு இருந்துட்டா வெளித்தொட்டிக்கும் உள்தொட்டிக்கும் இருக்கிற தூரம் பாதியாயிரும், அதனால பட்ஜெட் இடிச்சா தொட்டியைச் சின்னதாக்குங்க, கூரையைக் கைவிடாதீங்க.

தண்ணி எடுக்குறதுல மூணு வழி. ஒண்ணு நேரா கடல் தண்ணி, இலவசம், ஆனா துறைமுகம், அனல் மின் நிலையம், சாக்கடை விழுற இடம் பக்கம் பிடிக்கக் கூடாது, மழை பெஞ்ச வாரம் பிடிக்கக் கூடாது, பிடிச்சதை மெல்லிய துணில வடிகட்டி மூடின டிரம்ல வெளிச்சம் படாம சில நாள் வச்சுத்தான் விடணும். குஞ்சு பொரிப்பகத்துல பிளீச்சிங் போட்டு, குளோரின் போற வரைக்கும் காத்து அடிச்சு அப்புறம்தான் பயன்படுத்துவாங்க, நோய்ப் பயம் இருக்கிறவங்க அதைச் செய்யலாம். ரெண்டாவது அக்வேரியம் உப்பு, இதுல எல்லாத் தாதும் சரியா இருக்கும், ஆனா 1,000 லிட்டருக்கு 35 கிலோவுக்கு மேல வேணும், 5,000 லிட்டருக்கு 180 கிலோ, கடல் இல்லாத ஊர்க்காரங்களுக்கு முழு உப்புக் குளம் கட்டுப்படியாகாமப் போறது இங்கதான். மதுரைக்காரங்க கோயம்புத்தூர்க்காரங்க கேட்டா குளம் வேண்டாம், உள்தொட்டியோட நிறுத்திக்கோங்கன்னுதான் சொல்லுவேன்.

மூணாவது, உப்பளத்துக் கல்லுப்பு ஏன் கரைக்கக் கூடாதுங்கிற கேள்வி, எங்க ஊருல இதைக் கேக்காத ஆளே கிடையாது. கடல் தண்ணியைக் காய்ச்சி எடுத்ததுதானேன்னு தோணும், ஆனா பாத்தில காயும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முன்னாடியே தனியா படிஞ்சிரும், உப்பு விளைஞ்சப்புறம் மிச்சம் நிக்கிற கசப்புத் தண்ணியில மெக்னீசியமும் பொட்டாசியமும் வெளிய போயிரும், கையில கிடைக்கிறது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். அதைத் திரும்பக் கரைச்சா கடல் தண்ணி ஆகாது, பிஹெச்சைப் பிடிச்சு வைக்கிற சத்தும் இருக்காது. அவசரத்துக்கு பாதி உப்புத் தொட்டில கொஞ்சம் ஏத்திக்கலாம், முழுத் தொட்டியையும் அதுல ஓட்டாதீங்க.

பாதி உப்புக்கு இங்கயும் லாபம். 5,000 லிட்டர் தொட்டிக்கு 2,200 லிட்டர் கடல் தண்ணி போதும், மிச்சம் நல்ல தண்ணி. பத்து சதவீதம் தண்ணி மாத்தணும்னா 500 லிட்டர், முழு உப்புன்னா 25 கேன் கடல்ல இருந்து தூக்கணும், ஒவ்வொண்ணும் 20 கிலோவுக்கு மேல, பாதி உப்புன்னா 11 கேன். வயசான காலத்துல முதுகு இதைத்தான் முதல்ல கேக்கும். இன்னொண்ணு, கடல் மீனுக்கு வர்ற வெள்ளைப்புள்ளி நோய்க் கிருமி 15 பிபிடி பக்கத்துல தழைக்காது, அதனால அந்தத் தலைவலியும் பெரும்பாலும் இருக்காது. உப்பு அளக்குறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்க, நாக்குல வச்சு பாக்குறது எல்லாம் சரிப்படாது.

உள்தொட்டியைப் பத்தி குறைவாத்தான் சொல்லப் போறேன், அதுக்கு வழிகாட்ட ஆளு நிறைய உண்டு. 150, 200 லிட்டர், ஒரு ஜோடி நீமோ, கூட ஒண்ணு ரெண்டு சின்ன மீன். ஏசி ரூம்ல வச்சா சரி, இல்லன்னா கோடைக்கு தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் கேக்கும், சில்லர் விலை தொட்டி விலையை விட ஜாஸ்தி. நீமோ வாங்கும்போது பண்ணையில பொரிச்சதா கேட்டு வாங்குங்க, மண்டபத்துல இருக்கிற கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் மாதிரி இடங்கள்ல இதைப் பொரிக்கிற முறை எப்பவோ நிலைச்சிருச்சு, சென்னை கொளத்தூர்க் கடைகள்லயும் கேட்டுப் பாக்கலாம். கடல்ல இருந்து பிடிச்சதை விட பண்ணைக் குஞ்சு தீனிக்குப் பழகினது, நோய் குறைவு, பவளப்பாறைக்கும் கேடு இல்ல.

பாறைன்னதும் ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சேத்து 1986லயே கடல் தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, ராட்சச மட்டி இதெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்றது, செத்துக் கரை ஒதுங்குன பவளத்துண்டா இருந்தாக்கூட எடுத்து வீட்டுல வைக்காதீங்க. தொட்டி அழகுக்கு சிப்பி ஓடும் சாதாரணக் கருங்கல்லும் போதும், சிப்பி ஓட்டை நல்லா கழுவி ஃபில்டர் டிரம்ல நிரப்பினா அழுக்கைத் திங்கிற பாக்டீரியா குடியிருக்க இடமும் ஆச்சு. அப்புறம், வீட்டுல நாலு மீன் வளக்குறது வேற, குஞ்சு பொரிச்சு விக்கிற யோசனை இருந்தா வேற. கடலோரத்துல இருந்து 2 கிலோமீட்டருக்குள்ள உப்புத்தண்ணியில மீன் வளர்ப்புக்கு 2005ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு, மீன்வளத்துறை ஆபீஸ்ல போய் முதல்லயே கேட்டுக்கோங்க.

கரண்ட் விஷயத்துல கஞ்சத்தனம் பாக்காதீங்க. உப்புத்தண்ணியும் கரண்ட்டும் சேந்த இடம், பின்கட்டு லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா நிறுத்துற சுவிட்ச்) போடாம மோட்டாரைத் தண்ணில இறக்கவே இறக்காதீங்க. மோட்டார் காந்த வகை, செராமிக் தண்டு இருக்கிறதா வாங்குங்க, சாதாரண ஸ்டீல் தண்டு சீக்கிரம் அரிச்சிரும். ஏர் பம்ப்பை மட்டுமாவது இன்வெர்ட்டர்ல சேருங்க, மோட்டார் நின்னாலும் காத்து ஓடுச்சுன்னா ராத்திரி தாண்டிரும்.

மீன் விடுறதுக்கு அவசரம் மட்டும் படாதீங்க. தொட்டி ஓட ஆரம்பிச்சு, கழிவுல இருந்து உண்டாகுற விஷங்களான அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட் கிட்ல பூஜ்யம் காட்ட நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், உப்புத்தண்ணில பிஹெச் 8க்கு மேல, சூடும் 30, இந்த நிலமையில அம்மோனியாவுல பத்துல ஒரு பங்கு கிட்ட விஷ வடிவத்துல நிக்கும், பிஹெச் 7 இருக்கிற நல்ல தண்ணித் தொட்டில அது நூத்துல ஒரு பங்கு கூட வராது. நல்ல தண்ணி மீன் வச்சுப் பழகினவங்க அவசரப்பட்டு மொத்தத்தையும் பறிகொடுக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: வடகிழக்கு மழை முடிஞ்சு தை மாசம் தொட்டியை இறக்கு, கூரையைப் போடு, 15 பிபிடி தண்ணி விட்டு மாசி முழுக்க வெறும் தண்ணியாவே ஓட்டு, பங்குனில பேர்ல்ஸ்பாட் குஞ்சு பத்து விடு, அது நல்லா தின்னு நிலைச்சப்புறம் மோனோ அஞ்சாறு, எல்லாம் சேத்து கைச்சாண் அளவு மீன் 15, 20க்கு மேல போகாதே. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்டினதுக்கப்புறமும் நீமோ ஆசை போகலைன்னா ஹால்ல தனியா ஒரு தொட்டி வச்சுக்கோ, அதுக்குள்ள உப்பு அளக்குறதும் தண்ணி மாத்துறதும் கைக்குப் பழகியிருக்கும். அவன் இப்போ பழைய எஃப்ஆர்பி தொட்டி ஒண்ணை பேசி முடிச்சிருக்கான், கூரைக்கு சவுக்குக் கம்பு விசாரிச்சுக்கிட்டு இருக்கான்.